சருகு மூடிய அடிமரம்

“அம்மா, மரம் செத்ததால காளான் வருதா, காளான் வந்ததால மரம் சாகுதா?” என்று மகன் ஒருமுறை கேட்டான். நகராட்சிக்காக முதிய மரங்களில் காளான் பார்த்துப் பதிவு செய்வதுதான் அவளுடைய பிழைப்பு.

“ரெண்டும் உண்டுடா. எங்க முளைச்சிருக்குன்னு பார்க்கணும்” என்றாள்.

பட்ட கிளையில் முளைத்தால் கிளையோடு போகும். வேர் தொடங்கும் இடத்தில் தட்டுத் தட்டாக முளைத்தால், வேர் உளுத்துவிட்டது என்று பொருள். மேலே இலை பச்சையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அதனால் சருகை விலக்கி, மண்டியிட்டுப் பார்த்த பிறகே ‘அடி சுத்தம்’ என்று எழுத வேண்டும்.

பேருந்து நிறுத்தத்து மரத்தருகே அவள் மண்டியிடவில்லை. தூறல், முழங்கால் வலி வேறு. பட்ட கிளையில் இருந்த வெண்காளானை மட்டும் அளந்தாள். முழங்கால் உயரச் சருகைத் தொடாமலே ‘அடி சுத்தம்’ என்று எழுதினாள். மூன்றாம் வாரம், காற்றே இல்லாத காலையில் மரம் வேரோடு சாய்ந்தது. நிழலுக்கு ஒதுங்கிய தையல்காரர் ஒருவர் அதனடியில் நசுங்கி இறந்தார்.

விசாரணையில் அவளைத்தான் முதலில் கேட்டார்கள். கூட வேலை செய்த மரமேறி முந்திக்கொண்டான். அவனை எல்லோரும் பல்லி என்றே கூப்பிடுவார்கள்.

“சருகைத் தள்ளிப் பார்த்தது நான்தான் சார். சரியாப் பார்க்காம சுத்தம்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்.”

உண்மையில் அன்று அவன் அடுத்த தெருவில் கிளை வெட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய வேலை அன்றே போயிற்று.

அலுவலக வாசலில், “ஏன்டா இப்படிச் செஞ்ச?” என்று அழுதாள்.

“உங்களுக்குப் புள்ள இருக்கான். எனக்கு இருக்கிறது ஒரு ஏணி. அதுக்கா பள்ளிக்கூடம்?” என்றான்.

எட்டு மாதம் கழித்து, வண்டி கழுவும் கொட்டகையில் அவனைக் கண்டாள். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

“மரவேலை எங்கயும் கிடைக்கலையாடா?”

“ஆளைக் கொன்னவன்னு பேராச்சேக்கா. வாலு போனா முளைக்கும். பேரு முளைக்குமா?” என்று சிரித்தான். “அத விடுங்க. பையன் நல்லாப் படிக்கிறானா?”

அந்தக் கேள்வியை அவளால் தாங்க முடியவில்லை. சில நேரம் ஆண்டவன் நம்மை உலுக்க, நலம் விசாரிக்க ஒருவரை அனுப்பிவைக்கிறான்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தையல்காரர் திரும்பி வரப்போவதில்லை. மகனுக்குப் படியளப்பவன் மேலே இருக்கிறான் என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டு, பதிவேட்டை எடுத்தாள். அந்த மரத்துக்கான பக்கத்தில் எழுதினாள்: “அடியைப் பார்க்க வேண்டியவள் நான். பார்க்கவில்லை. மரமேறி அன்று அங்கே இல்லை. என்னைக் காப்பாற்றவே பொய் சொன்னார்.”

கையெழுத்திட்டு, அதிகாரியின் மேசையில் விரித்து வைத்தாள். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரளப் பார்த்தது. தன் அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டு, ஆளில்லாத அறையின் கதவை மெல்லச் சாத்தினாள்.