பிரிக்காத சீட்டு

என் தங்கை மரிய சுகந்திக்கு எந்தக் காலேஜ் பொருந்தும் என்று எங்கள் வீட்டில் யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை. வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், இது குலை நோய், இது சத்துக் குறைவு என்று சொல்லிவிடுவாள். இரண்டு காணி பயிர் வைக்கும் இருசப்பன்கூட நெல் இலையைக் கிள்ளிக்கொண்டு அவளிடம்தான் வருவார். அவளுக்குக் காரைக்கால் விவசாயக் கல்லூரி. அவள் வாங்கிய மார்க்குக்கு, கலந்தாய்வுப் பட்டியலில் எதை முதலில் போடுகிறாளோ அது கிடைத்துவிடும்.

அம்மா அல்போன்சாவுக்கு அது பிடிக்கவில்லை. காரைக்கால் என்றால் ஹாஸ்டல். வில்லியனூர் பக்கத்தில் ஒரு என்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது. அதன் பஸ் எங்கள் கோவில் வாசலிலேயே நிற்கும். அந்தக் காலேஜைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது அந்த பஸ் மட்டும்தான். அப்பா தனிஸ்லாஸ் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

இப்படி இழுபறி வந்தால் எங்கள் வீட்டில் திருவுளச் சீட்டுதான். அந்தோணியார் சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லி, இரண்டு சீட்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத சீட்டைப் பிரிக்காமல் கொளுத்திவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் புனிதரைச் சந்தேகப்பட்ட பாவம்.

எனக்கும் இப்படித்தான் எடுத்தார்கள், ஆறு வருடத்துக்கு முன்னால். நான் கேட்டது சென்னையில் பிசிக்ஸ். வந்தது பக்கத்துக் காலேஜில் பி.காம். புனிதரே சொன்ன பிறகு என்ன என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். படிப்பு முடிந்த வருடம் சுரூபத்தைத் துடைக்க எடுத்தால், மாடத்தின் மூலையில் ஓரம் கருகிய சீட்டு ஒன்று கிடந்தது. பாதியில் நெருப்பு அணைந்ததை அம்மா கவனிக்கவில்லை போலிருக்கிறது. பிரித்தேன். அதிலும் அம்மா கையெழுத்தில் பக்கத்துக் காலேஜ்தான்.

அன்று நான் அழுததைச் சுகந்தி ஒருத்திதான் பார்த்தாள். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனுக்கு எடுக்கறப்போ நீதான் எழுதணும்க்கா. அம்மா கையில குடுத்துடாத" என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்.

பட்டியலை லாக் செய்ய செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி கடைசி. செவ்வாய் அந்தோணியாரின் நாள், அம்மாவைக் கேட்கவா வேண்டும். நாலு மணிக்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். ஸ்டெல்லா அக்காதான் எழுத வேண்டும் என்று சுகந்தி பிடிவாதம் பிடித்தாள். அம்மா மறுக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தாள்.

எழுத உள்ளறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் ஹாஸ்டலுக்கென்று சுகந்தி வாங்கி வைத்த பக்கெட்டும் கொடிக்கயிறும் இருந்தன. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் கிடையாது. டைல்ஸ் கடையில் பில் போட்டுக்கொண்டு இந்த அம்மாவோடு நான் கிடக்க, இவள் மட்டும் போய்விடுவாளா? இரண்டு சீட்டிலும் என்ஜினீயரிங் காலேஜ் பெயரையே எழுதினேன்.

சுகந்தி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்ததும் முகம் சுண்டிவிட்டது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, வாசலில் நின்ற அப்பாவிடம் சொல்ல ஓடினாள். மிச்சச் சீட்டைக் கொளுத்த நான் கை நீட்டினேன். தானே கொளுத்துவதாகச் சொல்லி சுகந்தி முந்திக்கொண்டாள். நெருப்பில் காட்டுவதற்கு முன் அதைப் பிரித்தாள்.

படித்தாள். என்னைப் பார்த்தாள். கத்துவாள், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவாள் என்று நினைத்தேன். பதில்கூட யோசித்து வைத்தேன். அவள் சீட்டைப் பழையபடி மடித்து, விரல் சுடும்வரை பிடித்துக் கொளுத்தினாள். பிறகு தன் போனை என் கையில் வைத்தாள். பட்டியல் திறந்திருந்தது. முதலில் காரைக்கால், இரண்டாவது வில்லியனூர். அவள் முன்பே போட்டு வைத்திருந்த வரிசை. மணி நாலே முக்கால்.

"நீயே லாக் பண்ணுக்கா. நீ இன்னா போட்டாலும் நான் போறேன்."

அப்படியே விட்டு அழுத்தியிருந்தால் போதும். அம்மாவுக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கத் தெரியாது. காலேஜில் இடம் வந்த பிறகு கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு அப்போதே தோன்றியது. தோன்றியும் வில்லியனூரை மேலே ஏற்றினேன். மேசையில் இருந்த அப்பாவின் போனுக்கு ஓடிபி வந்தது. அவள் அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள், நான் போட்டேன்.

இப்போது தினமும் ஏழரைக்குக் கோவில் வாசலில் அவளுக்கு பஸ். எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறாள், என்னிடம் மட்டும் பேச்சில்லை. போன ஞாயிறு இருசப்பன் பழுத்துப்போன நெல் இலையோடு வந்து, என்ன நோய் என்று அவளைக் கேட்டார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க அக்காவ கேளுங்க. எது எங்க இருந்தா பட்டுப்போவும்னு அதுக்குத்தான் தெரியும்."

அவர் இலையை என்னிடம் நீட்டினார்.