பேர் மட்டும் காலி

ஒரு பார்சலுக்கு ஒரு லேபிள். ஒரு லேபிளுக்கு ஊர், தெரு, கதவெண் என்று மூன்று. மூன்றையும் ஒருசேரத் தட்டினால்தான் இயந்திரம் அச்சடிக்கும். லேபிள்காரி அன்று காலையிலிருந்து ஒரே ஊரின் பெயரை எண்ணூறு தடவை தட்டியிருந்தாள். விரல் ரேகை தேய்ந்துபோய், கிடங்கு வாசலிலிருந்த வருகைப்பதிவுப் பெட்டி தினமும் அரைமணி நேரம் அவளை யாரோ எவரோ என்று வெளியே நிறுத்திவைத்தது. சந்தேகமிருந்தால் பெட்டியையே கேட்டுக்கொள்ளலாம்.

"காலையில சொன்ன ஊரை மத்தியானமும் கேக்குதே, இதுக்கென்ன மறதி வியாதியா?" என்று அவள் பொருமியது, இயந்திரத்தைப் பார்க்க வந்திருந்த கம்ப்யூட்டர்காரர் காதில் விழுந்தது.

"ஒவ்வொண்ணா வாங்குற மாதிரி மாத்திடலாம்மா. கரியிங்னு பேரு. ஊரைக் குடுத்தா லேபிள் வராது. அந்த ஊரை மனசுல வச்சிருக்கற பட்டன் ஒண்ணு வரும். அதுகிட்டத் தெருவைக் குடுத்தா இன்னொரு பட்டன். அதுக்குக் கதவெண் மட்டும் போதும்."

"பாதி சொன்னா பாதி லேபிள்தானே அண்ணே வரும்?"

"பாதி லேபிள் இல்லம்மா. மிச்சத்துக்குக் காத்திருக்கற முழு பட்டன்."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார்.

"பட்டனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மூணு கேட்டா மூணையும் சேர்த்துக் குடுக்கணும், அதான் ஒழுங்கு. உனக்கு ரெண்டு எச்சரிக்கை குடுத்தாச்சு. இது மூணாவது. வீட்டுக்குப் போகலாம்."

அவர் கையில் ஒரு கட்டு வேலைநீக்கக் கடிதம். 'வேகம் போதாது' என்ற காரணம் அச்சாகி, அடியில் அவர் கையெழுத்தும் விழுந்து, எல்லாம் தயார். பேர் மட்டும் காலி.

லேபிள்காரிக்கு வயிறு எரிந்தது. எரிந்த வெளிச்சத்தில் எல்லாம் புரிந்தது.

"அண்ணே, நீங்க சொன்ன பட்டன் இதானே?"

"அச்சு அசலா இதேதான். காரணத்தை முன்னாடியே குடுத்தாச்சு, பேருக்காகக் காத்திருக்கு. பார்ஷியல் அப்ளிகேஷன்னு பேரு."

அவள் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினாள். "நான் எண்ணூறு தடவை ஊரைச் சொல்லணும், நீங்க ஒரே தடவை காரணம் சொன்னாப் போதுமா? வேலையை விட்டுத் துரத்தப் பட்டன் உண்டு, வேலை செய்யக் கிடையாதுன்னா, இது எந்த ஊர் நியாயம் சார்?"

"வாயைக் குறைச்சுக்கோ," என்று அவர் சட்டைப்பையில் பேனா தேடினார். பேனா அவளிடம் இருந்தது. மேலாக இருந்த கடிதத்தை உருவி, காலியிடத்தில் அவர் பேரை எழுதி, உறையிலிட்டாள். தலைமை அலுவலகத்தின் ஊர், தெரு, கதவெண் மூன்றையும் ஒருசேர, ஒழுங்காகத் தட்டி லேபிள் ஒட்டி, பார்சல்கள் ஓடும் பட்டையில் போட்டாள்.

மேற்பார்வையாளர் பின்னாலேயே ஓடினார். வேகம் போதவில்லை.

தலைமை அலுவலகத்தில் கடிதத்தை நம்பிவிட்டார்கள். கையெழுத்து அவருடையதாயிற்றே.