விரல் கணுக்களின் கறுப்பு

காயத்தின் கட்டை அவிழ்த்தபோது தையல் நூல்கள் பஞ்சோடு சேர்ந்து வந்துவிட்டன. அக்கா சொக்னாவின் அடிவயிற்றில், பிள்ளையை எடுக்கக் கீறிய இடம் ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்திருந்தது. செவிலியர் பள்ளியில் முதலாண்டு படிக்கும் நபு பஞ்சைத் தட்டில் போட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

தோல் பாடம் போன மாதம்தான் முடிந்திருந்தது. மேல்தோல் வெறும் கூரை, உள்தோல்தான் சுவர், நார்கள் பின்னிப் பின்னித்தான் அது நிற்கிறது என்று ஆசிரியை பலகையில் வரைந்து காட்டினார். வெளுக்கும் களிம்பு அந்த நார்களைக் கரைத்துவிடும் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார்கள். எவ்வளவு பூசினாலும் விரல் கணுக்கள் கறுத்தே நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் கவ்லாக் ஊரில் யாரும் அந்தச் சோற்றைக் கிளறிப் பார்ப்பதில்லை.

சொக்னா கர்ப்பம் முழுக்க உடம்பெல்லாம் பூசினாள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் அங்கியை மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு பெண்கள் நடுவே உட்கார வேண்டும். கறுத்துப்போய் உட்கார்ந்தால் மூத்தாள் ஆராம் சிரிப்பாளே என்று பயம். அந்த நாள் நாளைக்கு. ஆராமோ இப்போது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சக்களத்தியானாலும் ஆஸ்பத்திரிக்குத் துணை வருவது அவள் முறை.

டாக்டர் ஃபாய் புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னைக்கே மயக்கம் குடுத்து மறுபடி தைக்கணும். வேற மருந்து, களிம்பு ஏதாவது போடுறியாம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பொறந்த நெறமே இதான்."

"எங்க வீட்டு வெள்ளைக்காரிக்கு அல்லா குடுத்த நெறம்," என்றாள் ஆராம், பிள்ளையைத் தட்டியபடி.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளை நபு நினைத்தாள். அந்தக் களிம்பு அவற்றைத் தூங்க வைத்துவிடும். கத்தி படும்போது உடம்பு பலம் கேட்கும், கொடுக்க ஆள் இருக்காது. முதல் தடவை தப்பியதே பெரிது. சொன்னால் ஆராம் முன்னால் அக்காவின் மானம் போகும், சொல்லாவிட்டால் அக்காவே போகலாம். வேண்டாமடி என்று அக்காவின் கண்கள் கெஞ்சின. நபு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"பொய் சொல்றா டாக்டர். ரெண்டு வருஷமா வெளுக்குற களிம்பு பூசறா. உடம்பு முழுக்க."

சொக்னா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ என் தங்கச்சியே இல்லடி."

"இது தெரியாமத் தச்சிருந்தா எழுப்பியிருக்க முடியாதும்மா," என்றார் டாக்டர். மயக்கத்துக்கு முன்னால் போடவேண்டிய ஊசியை நர்ஸிடம் சொல்லி அனுப்பினார்.

ஆராம் சிரிக்கப்போகிறாள் என்று நபு காத்திருந்தாள். ஆராம் பிள்ளையைச் சொக்னாவின் பக்கத்தில் கிடத்தினாள். அங்கியின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.

"நான் ரமலானுக்கு அப்புறந்தான் ஆரம்பிச்சேன் டாக்டர். இவ வந்தப்புறம் அவரு என் பக்கமே திரும்பல." கையை டாக்டர் முன்னால் நீட்டினாள். "என் தோலும் இப்படிப் பிரியுமா?"

முன்கை வெளுக்கத் தொடங்கியிருந்தது. விரல் கணுக்கள் கறுப்பு.

சொக்னா மெல்லத் தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தாள். பிறந்த வெளிறல் இன்னும் போகாத பிள்ளை இருவருக்கும் நடுவே தூங்கியது. காது மடலின் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. பிள்ளைக்கு வரப்போகும் நிறம் அதுதான் என்பது பெண்கள் மூவருக்கும் தெரியும். சொக்னா ஒரு விரலை நீட்டி அந்த ஓரத்தைத் தொட்டாள்.