கட்டிலுக்கு எடுத்த வேம்பு

மகளின் கல்யாணக் கட்டிலுக்கு மரம் தேடித் துரைராஜ் பத்து நாள் அலைந்தார். மந்தாரக்குப்பத்தில் முப்பது வருஷமாக ஊராருக்கெல்லாம் கட்டில் செய்து கொடுத்த தச்சர்தான். சொந்த மகளுக்கு என்று வந்தபோது ஒரு மரமும் மனசுக்குப் பிடிக்கவில்லை. தேக்கு என்று காட்டியதில் பாதி வைரம் ஏறாத வெள்ளை. பலா நல்ல மரம், ஆனால் அது நிலைக்கும் கதவுக்கும். முந்திரி அடுப்புக்கு. புளியை வீட்டுக்குள்ளேயே சேர்க்கக் கூடாது.

கடைசியில் மர டிப்போவில் ஒரு வேம்பு கிடைத்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊர்களில் வெட்டிய மரங்கள் அங்கே குவிந்து கிடக்கும். எது எந்த ஊர் மரம் என்று விற்கிறவனுக்கே தெரியாது. துரைராஜ் வெட்டுவாயைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். வெள்ளை இரண்டு விரல் அகலம்கூட இல்லை, மற்றதெல்லாம் சிவந்த வைரம். உளிப்பிடியால் தட்டினால் கணீரென்றது. பட்டையில் ஒரே ஒரு புடைப்பு. கிளை கழித்த தழும்பு ஆறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மரம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

“காஞ்ச மரம். பூச்சி அண்டாது. அம்பது வருஷம் அசையாது,” என்று மனைவி உமாராணியிடம் பெருமையாகச் சொன்னார்.

மாப்பிள்ளை வெளியாள் இல்லை, உமாராணியின் தம்பி அருள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. பர்மனன்ட் ஆகட்டும் என்று மூன்று வருஷம் தள்ளிப்போய், இந்தத் தையில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் இந்தப் பேச்சை எடுத்தபோது, மகள் சத்யப்பிரியா “மாமாவக் கட்டிக்க மாட்டேன்” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நாலு நாள் சாப்பிடவில்லை, தலை வாரவில்லை. வாய் திறக்காத பெண் இப்படிப் பேசுமா? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? உமாராணி பயந்துபோய்க் காத்து கருப்பு என்றாள். அவள் பிறந்த ஊர் ஏரிக்கரைப் பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். அவன் வேப்பங்குழையால் அடித்தான், பிறகு பிரம்பால் அடித்தான். பேய் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. கட்டிக்க மாட்டேன் என்றுதான் சொன்னது. அது மகளின் சொந்தக் குரல் என்று துரைராஜுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவள் கை இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துக் கோயில் மரத்தில் வைத்து ஆணி அடித்தால் பேய் அதிலேயே கட்டுண்டு கிடக்கும் என்றான் பூசாரி. ஆணியைக் கொடுத்ததும் துரைராஜேதான். பழைய வீட்டு நிலையிலிருந்து பிடுங்கி வைத்திருந்த நாலுபட்டை ஆணி. அடித்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வந்தார்கள். அன்றிலிருந்து சத்யா சொன்ன பேச்சைக் கேட்டாள். பேய் விட்டது என்று கோயிலுக்குப் பொங்கல் வைத்தார்கள். அந்த ஏரியும் கோயிலும் பிறகு சுரங்கத்துக்குள் போய்விட்டன.

மரத்தை அறுவை மில்லுக்கு அனுப்புமுன் பட்டையைச் செதுக்கி இரும்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது துரைராஜின் வழக்கம். ஓர் ஆணி இருந்தாலும் மில்லின் வாள் போய்விடும். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வாய்ச்சியால் செதுக்கிக்கொண்டே வந்தார். புடைப்பில் ணங்கென்றது. சுற்றிலும் கொத்திப் பார்த்தார். நாலுபட்டைத் தலை தெரிந்தது. குறடு போட்டு அசைத்து அசைத்து இழுத்தார். ஆணியோடு துருவேறிய ஒரு கொத்து முடியும் வந்தது.

அவர் கொடுத்த அதே ஆணி. அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீ கொண்டுவந்த சத்யா அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. பின்னாலேயே வந்த உமாராணி அலறினாள்.

“ஐயோ, புடுங்கிட்டீங்களா! திரும்ப அடிங்க. கல்யாணம் முடியற வரைக்கும் உள்ளியே இருக்கட்டும்.”

“நம்ம பொண்ணு படுக்கப்போற கட்டில்லயா?”

“எங்கியாவது அடிங்க!”

“கட்டிலும் இல்ல, கல்யாணமும் இல்ல. உன் தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

“பத்திரிக எல்லாம் குடுத்தாச்சிங்க!”

“குடுத்தா குடுத்ததாவே இருக்கட்டும்.”

உமாராணி தலையில் அடித்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட உள்ளே ஓடினாள். துரைராஜ் மகளைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. 

“அன்னிக்குப் பேசனது நீதான்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சிகினேதான் கையப் புடிச்சிகினு இருந்தேன். பாவி நானு. இப்ப சொல்லு தாயி, உனக்கு என்னா வேணும்?”

சத்யா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். ஆணியைப் பார்த்தாள், அம்மாவின் குரல் கேட்ட பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது. மரத்தைத் தட்டிவிட்டு ஓசைக்குக் காது கொடுப்பதுபோல் அவர் காத்திருந்தார்.

“நா என்னா சொல்லணும்ப்பா?” என்று கேட்டாள் அவள். “நீயே சொல்லிடு. அதயே சொல்லிடறேன்.”