அலவிக்கு மட்டும் இல்லை

சுபோதினி எழுதிய மென்பொருள் சின்னது. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்பை இன்றைய யூனிகோட் எழுத்துக்கு மாற்றித் தரும், அவ்வளவுதான். ஹெவ்லொக் டவுனில் அவள் வேலை பார்த்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகள் கூத்தாடும். அந்தக் கரைச்சல் தாங்காமல் எழுதினாள். நன்றாகவே வேலை செய்தது. இதை லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தில் சேர்த்துவிட்டால் உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாமே என்று பிறகு ஆசை பிடித்தது.

சேர்ப்பதற்கு மென்பொருளை முறைப்படி ஒரு பொதியாகக் கட்ட வேண்டும். அவளுக்கு இது முதல் பொதி. கட்டியதைப் பார்த்துச் சரிபிழை சொல்லப் பெல்ஜியத்தில் பிறிஜெற் என்ற தன்னார்வலர் ஒருத்தி முன்வந்தாள்.

வெள்ளவத்தை வீட்டில் அம்மா நேசமலரின் காதில் பொதியும் பெல்ஜியமும் மட்டும் விழுந்தன.

"பிள்ளை, அந்தப் பொதிக்குள்ள கொஞ்சம் கறித்தூளும் வை. அங்க என்னத்தைச் சாப்பிடுதுகளோ."

"அம்மா, இது கொம்பியூட்டர் பொதி."

"கொம்பியூட்டரோ? அப்ப பாரமெல்லோ. கப்பலில போடு."

பிறிஜெற் பொல்லாத ஆள். விளக்க வரியின் கடைசியில் முற்றுப்புள்ளி வரக்கூடாது என்று பொதியைத் திருப்பி அனுப்பினாள். சுபோதினி புள்ளியை எடுத்தாள். கையேடு எங்கே என்று கேட்டு மறுபடி திருப்பினாள். கையேடு எழுதியாயிற்று. கையேட்டில் எழுத்துப்பிழை என்று இன்னொரு தரம். அதையும் திருத்தி, இனிமேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று சுபோதினி நிமிர்ந்தபோது அடுத்த மின்னஞ்சல் வந்தது. எழுத்து அட்டவணை இருக்கும் கோப்பின் தலையில் தமிழில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன?

'ஆக்கம்: இராஜநாயகம், கொட்டாஞ்சேனை. பிழை கண்டால் அறியத்தரவும்' என்று எழுதியிருந்தது. எந்த எழுத்து எதுவாக மாற வேண்டும் என்று சொல்லும் அந்த அட்டவணை சுபோதினியின் வேலை அல்ல. அலுவலகத்துப் பழைய கணினியில் கிடந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள்.

"அப்படியானால் அவருடைய அனுமதி வேண்டும். எழுத்தில்" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. முதலில் கேட்ட மருந்துக்கடைக்காரரே கையைக் காட்டினார். கலியாண அழைப்புக் காட் அடிக்கும் அச்சகம். உள்ளே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி ஒரு மெலிந்த மனிதர் இருந்தார்.

"நீங்கள் செய்த எழுத்து அட்டவணை விசயமா வந்தனான், ஐயா."

இராஜநாயகம் கண்ணாடியை இறக்கினார். "பிழை ஏதும் கண்டனீரோ?"

"இல்லை."

"இருக்காது. எத்தினை வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் வரேல்லை."

விசயத்தைச் சொன்னாள். அவருக்குச் சந்தோசப் புழுகம் தாங்கவில்லை. உலகம் முழுக்கவோ என்று கேட்டார். கனடாவுக்கும் போகுமோ, மலேசியாவுக்கும் போகுமோ என்று கேட்டார். தன் பேர் இருக்குமோ என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். அனுமதிக்காக அவள் கொண்டுபோன உரிமப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தார்.

"எந்த உத்தரவாதமும் இல்லை எண்டு போட்டிருக்கு. அருமை. கலியாணக் காட்டிலயும் இப்பிடி ஒரு வரி அடிக்கவேணும்."

பேனையை எடுத்தவர் நிறுத்தினார். வாசலால் தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேயும் ஓர் அச்சகம் இருந்தது.

"எல்லாருக்கும் எண்டால், அலவிக்கும் போகுமோ?"

"யார் அலவி?"

"உதில இருக்கிறவன். முந்தி என்னோட பங்கு. நான் முழு உலகத்துக்கும் சும்மா குடுக்கிறன், பிள்ளை. அலவிக்கு மட்டும் இல்லை. அதையும் ஒரு வரி சேரும்."

"அப்பிடிச் சேர்க்கேலாது, ஐயா. ஒருத்தரையும் விலக்கக்கூடாது எண்டது சட்டம்."

"நீர் அவனைப் பற்றி அறியாமல் கதைக்கிறீர்."

பிறகு அவர் வாயாலேயே அறிந்தாள். பங்காக இருந்த காலத்தில் ஒரு பெரிய இடத்துக் கலியாணத்துக்குக் காட் அடித்தார்கள். 'மணமக்களை வாழ்த்த வாருங்கள்' என்பது 'வீழ்த்த வாருங்கள்' என்று போய்விட்டது. ஊர் முழுக்கக் கொடுத்து முடித்த பிறகுதான் மாப்பிள்ளையின் தகப்பன் வாசித்துப் பார்த்தார். அடித்தது நீ என்று இராஜநாயகம் சொல்ல, சரிபார்த்தது நீர் என்று அலவி சொல்ல, பங்கு பிரிந்தது.

"அட்டவணையிலயும் அவன்ட கை இருக்கு" என்றார் இராஜநாயகம் கோபத்தில். "ஜ, ஸ, ஷ, ஹ, ஸ்ரீ எல்லாம் அவன்தான் செய்தவன். அதுவும் அரைகுறையா."

அப்படியென்றால் அலவியின் அனுமதியும் வேண்டும்! இதைக் கேட்காமலே விட்டிருக்கலாம். கேட்டாயிற்று. இனிப் பிறிஜெற்றுக்கு மறைக்க அவளால் முடியாது.

தெருவைக் கடந்து போனாள். அலவி பருத்த மனிதர், இருக்கக் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, பிறகுதான் விசயம் கேட்டார்.

"ஓ, நான் செஞ்சதுதான் மகள். கிரந்தம் இல்லாம ஹாஜியார்ட ஊட்டுக் கலியாணக் காட் எப்பிடி அடிக்கிய? எடுங்க, எல்லாருக்கும் குடுங்க. அவருக்கும் குடுங்க, பாவம்."

"நிபந்தனை ஒன்றும் இல்லையே?"

"ஒண்டும் இல்ல. ஒரே ஒரு வரி மட்டும் எழுதிப் போடுங்க. வா எழுத்துக்கும் வீ எழுத்துக்கும் அலவி பொறுப்பில்ல."

அவள் திரும்ப இந்தப் பக்கம் வந்தாள். இராஜநாயகம் வாசலிலேயே நின்றார்.

"என்னவாம்?"

"தந்திட்டார், ஐயா. உங்களுக்கும் குடுக்கச் சொன்னவர்."

"எனக்கோ? அவன் எனக்குக் குடுக்கிறானோ?" அவருடைய காது சிவந்தது. "அவ்வளவு பெரிய மனுசனோ? கொண்டாரும் பேனையை. நானும் குடுக்கிறன். அவனுக்கும் குடுக்கிறன். அவன்ட பிள்ளைகளுக்கும் குடுக்கிறன்."

கையெழுத்து விழுந்தது. யாருடைய பேர் முதலில் வரும் என்று அடுத்த வழக்குத் தொடங்கியது. அகரவரிசையில் வைத்தால் அலவி, ஆங்கிலத்தில் வைத்தாலும் அலவி. சுபோதினி யோசித்து, அவரவர் எழுத்தைச் செய்த ஆண்டு வரிசையில் வைக்கலாம் என்றாள். அதில் இராஜநாயகம் ஒரு வருடம் முந்தி. அவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

வா, வீ பற்றிய வரியை என்ன செய்வது என்று பிறிஜெற்றிடம் கேட்டு எழுதினாள். அது உரிமத்துக்குள் வரக்கூடாது, குறிப்புக் கோப்பில் வரலாம், ஆனால் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவள் பதில் போட்டாள். உண்மை யாருக்குத் தெரியும்? 'வா, வீ ஆகியவற்றைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை' என்று சுபோதினி எழுதினாள். இரண்டு அச்சகத்தாரும் தனித்தனியாகக் கோபித்துக்கொண்டார்கள்.

பொதி ஏற்கப்பட்டது. அம்மா, போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று கேட்டார். சேர்ந்துவிட்டது என்று சுபோதினி சொன்னாள். அவள் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து, பாரத்துக்குக் கூடுதலாகக் காசு எடுத்துவிட்டார்களாக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் முதல் முறைப்பாடு வந்தது. மலேசியாவில் யாரோ ஒருவர், ஸ்ரீ சரியாக மாறவில்லை என்று எழுதியிருந்தார். சுபோதினி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய் இராஜநாயகத்திடம் காட்டினாள். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு போட்டிருந்த சேர்ட்டை இழுத்து நேராக்கிக்கொண்டு படியிறங்கி, இடமும் வலமும் பார்த்துத் தெருவைக் கடந்தார். பின்னால் ஓடியவளுக்கு அவருடைய குரல் மட்டும் கேட்டது.

"அலவி! உம்மட ஸ்ரீ பிழையாம்! மலேசியாவில இருந்து எழுதியிருக்கினம்!"

"எந்த ஸ்ரீ? கொண்டாங்க பாப்பம். உள்ளுக்கு வாங்க, ஏன் ரோட்டுல நிண்டு கத்திறீங்க."

மாலைவரைக்கும் இரண்டு பேரும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு, ஸ்ரீக்கு எத்தனை எழுத்துக்குறி சேரவேண்டும் என்று சண்டை பிடித்தார்கள். நடுவில் உட்கார்ந்து சுபோதினி திருத்தினாள். மூன்று பிளேன்டீயும் ஆறிப்போயின. புதிய பதிப்பு அங்கிருந்தே போனது.