அடுத்தவர் சிலிண்டர்

“வால்வை நீயா மூடினே, பாப்பா?”

அக்கா தங்கையிடம் இப்படிக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், ஏரிக்கரையில், இருபது பேருக்கு நடுவில். முப்பத்தைந்து வயதிலும் அவளைப் பாப்பா என்று கூப்பிட அந்த ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். ஆனால் அதைச் சொல்வது அவளுக்கு ஏன் அத்தனை பாடாக இருந்தது என்பதற்கு அன்று காலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தங்கையின் புருஷன் அந்த ஏரியில் முக்குளிக்கச் சொல்லித்தருபவன். எல்லோருக்கும் அவன் மாஸ்டர். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய், மூழ்கிக் கிடக்கும் பழைய படகைப் பார்த்துவிட்டு வர ஞாயிறுதோறும் கூட்டம் முண்டியடிக்கும். ஏரி என்னவோ கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. இறங்க இருந்தது ஒரே படிக்கட்டு. ஒன்பது படி. இரண்டு பேர் ஒட்டி நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை. மற்ற பக்கமெல்லாம் செங்குத்துப் பாறை. அதனால் மாஸ்டரே தன் கைப்பட ஒரு பலகை எழுதி நட்டிருந்தான். ஏறி வருபவருக்கு முதலில் வழி விடவும். படியில் நின்று சாமான் மாட்டக் கூடாது. அடுத்தவர் சிலிண்டரைத் தொடக் கூடாது. எழுத்து மணிமணியாக இருந்தது. முக்குளிக்க வந்தவர்களில் அதை மதித்து நடந்தவள் அக்கா ஒருத்திதான்.

அக்கா தபால்காரி. நாற்பத்திரண்டு வயதில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டாள். இந்த வயசுல இது எதுக்கு என்று கேட்டவர்களிடம், “தண்ணிக்குள்ள ஒரு வீட்டுலயும் நாய் இல்லை” என்பாள். வாரம் முழுக்க அடுத்தவர் வாசலில் காத்து நின்று பழகியதாலோ என்னவோ, படிக்கட்டிலும் எல்லோரையும் முன்னால் போகவிட்டுக் கடைசியில்தான் இறங்குவாள். மாஸ்டர் இதைச் சொல்லிச் சிரிப்பான். உங்கக்காவுக்காக ஏரி சாயங்காலம் வரைக்கும் திறந்து வைக்கணும் போல இருக்கே என்பான்.

தங்கைக்கு வேலை கொட்டகையின் பின்னறையில். அங்கே கம்ப்ரசர் அதிர்ந்துகொண்டே இருக்கும். அவள் சிலிண்டர்களை நிரப்பி நிரப்பிச் சுவரோரம் நிறுத்துவாள். பதினோரு வருஷம். ஒரு தடவைகூடத் தண்ணீருக்குள் போனதில்லை. ஆசையாக இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னபோது, “நீயும் இறங்கிட்டா சிலிண்டரை மீன் வந்து நிரப்புமா?” என்றான் மாஸ்டர். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

அக்கா மட்டும் அதை மறக்கவில்லை. போன வாரம் நீலப் பட்டை வைத்த புது மாஸ்க் ஒன்றை வாங்கிவந்து பின்னறை ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு உன்னை இறக்காமல் விடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தங்கை அதை முகத்தில் போட்டுப் பார்த்தாள். கம்ப்ரசரும் எண்ணெய்த் துணியும் கண்ணாடி வழியாக வேறு எதுவோ போலத் தெரிந்தன. அந்த அடுத்த ஞாயிறுதான் இது.

முதலில் தான் ஒரு தடவை போய்த் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து தங்கையை அழைத்துப் போவதாக அக்காவின் திட்டம். சிலிண்டரில் குழாயையும் மீட்டரையும் பூட்டி, வால்வைத் திறந்து, மூச்சு இழுத்துச் சரிபார்த்து, எல்லாவற்றையும் பெஞ்சில் தயாராக வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கும்பல் தண்ணீரிலிருந்து ஏறியது. அதில் ஒரு பெரியவர் பாசியில் வழுக்கினார். படியில் வரிசையாக நின்றவர்கள் நின்றபடியே நிற்க, அக்கா இறங்கிப்போய் அவரைத் தோளில் தாங்கினாள். அவர் பின்னால் வந்தவர்களையும் ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றிவிட்டாள்.

இதற்குள் மாஸ்டர் ஒரு அலுவலகத்திலிருந்து வந்த பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பெஞ்சு வேண்டியிருந்தது. அக்காவின் சிலிண்டரைத் தூக்கித் தரையில் கிடத்தினான். கிடத்துமுன் வால்வை மூடினான். ஆளில்லாத சிலிண்டரைக் கண்டால் மூடுவது அவன் கைக்கு ஊறிப்போன பழக்கம். அவன் அதை நினைத்துச் செய்ததாகக்கூடத் தெரியவில்லை.

தங்கை பின்னறைச் சன்னல் வழியாக இதைப் பார்த்தாள். நிரம்பிக்கொண்டிருந்த சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. அதை முடித்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது அக்கா சாமானை மாட்டிக்கொண்டு மூன்றாம் படியில் நின்றாள். இறங்குமுன் நாலு மூச்சு இழுத்து மீட்டர் முள்ளைப் பார்ப்பது அக்காவின் வழக்கம். அன்று பின்னால் நின்ற அலுவலகக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர்களைக் காக்க வைக்க மனம் வராமல் முள்ளை மட்டும் பார்த்தாள். வால்வு மூடியிருந்தாலும் குழாயில் தங்கிய காற்றுக்கு முள் நிறைவாகத்தான் காட்டும்.

தங்கை வாயைத் திறந்தாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு வாடிக்கையாளர்கள் முன்னால், நீங்கள் வால்வை மூடிவிட்டீர்கள் என்று கத்துவதா? “அக்கா” என்றாள். அது அவள் காதுக்கே எட்டவில்லை. அக்கா தண்ணீருக்குள் போய்விட்டாள்.

இரண்டு மூச்சு வந்திருக்கும். மூன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயப் பட்டையை அவிழ்த்து விட்டுவிட்டு, நாலு ஆள் ஆழத்திலிருந்து காலை உதைத்து மேலே வந்தாள் அக்கா. மூக்கில் ரத்தம். படியைப் பிடித்தபோது அதில் நின்ற ஒருவர் வழி விடாமல், “இருங்க, நாங்க இறங்கிக்கறோம்” என்றார். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

ஏரி அலுவலகத்துக் கண்காணிப்பாளர் நோட்டும் பேனாவுமாக மேலேயிருந்து இறங்கி வருவதற்குள் மாஸ்டர் பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினான். அளவுக்கு மீறிக் கூட்டம் சேர்த்ததற்காக அவனுக்கு இந்த வருஷம் ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொன்று வந்தால் லைசென்ஸ் போய்விடும், கொட்டகையும் போய்விடும்.

“நீ மூடினதா சொல்லிடு.”

அவள் கம்ப்ரசரை நிறுத்தினாள்.

“உனக்கு என்ன, லைசென்ஸா இருக்கு, பறிக்கறதுக்கு?” என்றான். பகடி போலத்தான் சொன்னான். ஆனால் கதவுத் தாழ்ப்பாளை விட்டுக் கையை எடுக்கவில்லை. பதினோரு வருஷத்தில் அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான், அதையும் கெஞ்சலாகக் கேட்கத் தெரியவில்லை.

வெளியே அக்கா மூக்கில் துணியை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் முந்திக்கொண்டான். வீட்டுக்காரி தெரியாமல் மூடிவிட்டாள், பாவம், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, என்றான். கண்காணிப்பாளர் எழுதப் போனார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மாஸ்டரை அவள் பார்க்கவேயில்லை. தங்கையைத்தான் பார்த்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அக்காவுக்குத் தெரியும். யாராவது பார்த்துச் சொன்னார்களோ, அவளே ஊகித்தாளோ, தெரிந்துதான் கேட்டாள். பதினோரு வருஷமாக அடுத்தவர் சிலிண்டர் எதையும் கேட்காமல் தொடாதவள் தங்கை. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் போதும், பிறகு எது வந்தாலும் அக்கா பக்கத்தில் நிற்பாள். அது தங்கைக்கும் தெரிந்தது. மாஸ்டர் ஒரு மாஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே துடைத்து வைத்த மாஸ்க்தான்.

“ஆமாக்கா,” என்றாள்.

கண்காணிப்பாளர் எழுதினார். பயிற்சி பெறாதவர் சாமான்களைத் தொட்டது, வாய்மொழிக் கண்டிப்பு. ஒரு வரிதான். மாஸ்டர் அலுவலகக்காரர்களை, வாங்க வாங்க, நேரமாச்சு, என்று கூப்பிட்டான்.

அக்கா எழுந்து பின்னறைக்குள் போனாள். ஆணியிலிருந்து நீலப் பட்டை மாஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்து, பையின் வாயை இழுத்துக் கட்டினாள். தங்கை வாசலில் நின்றாள். அக்கா அவளை இடிக்காமல், உடம்பை ஒருக்களித்து, எப்போதும் எல்லோருக்கும் செய்வதுபோல ஒதுங்கிக் கடந்தாள். வெளியே நின்ற கூட்டம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு விலகி வழி விட்டது. அக்கா பையோடு நடந்து போனாள்.