பூஜ்யத்துக்குள் பள்ளிக்கூடம்

சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் மண்டையைக் குடைகிறது என்று அம்மா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். மகன் அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். பழைய ஷூ லேஸ் ஒன்றைக் குழாயின் வாயில் முடிந்து, மறுமுனையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டான். சொட்டு அந்த லேஸைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று.

"வாஷர் மாத்துடான்னா லேஸைக் கட்டி வெச்சிருக்க."

"உனக்குச் சத்தம்தானே பிரச்சினை? இப்ப வருதா?"

"தண்ணி போகுதேடா."

"அது போகும்."

அவள் மதியச் சாப்பாட்டுக்காகக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். அவன் அந்நேரம் வீட்டில் இருக்க வேண்டியவனே இல்லை.

"பள்ளிக்கூடத்துல இல்லாம துரைக்கு இங்க என்ன வேலை?"

"எங்க செட்டுக்கு மட்டும் லீவும்மா. ஏதோ சர்வேயாம். போதைப் பழக்கம் உண்டா இல்லையான்னு பேர் போடாம டிக் அடிக்கணுமாம். பி.டி. மாஸ்டர் வந்து எங்க கடைசி பெஞ்சை மட்டும் எழுப்பி, 'ராஜாக்களா, வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க'ன்னுட்டார்."

"உங்களை மட்டும் ஏன்?"

"எங்க முகராசி அப்படி."

அவள் சிரித்துவிட்டாள். கையில் இருந்த கரண்டியால் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள்.

அன்று மாலை, கூட்டாளி ஒருவனின் வீட்டு மாடி அறையில், போதைக்காக விழுங்கிய மாத்திரைகளால் அவன் மூச்சு நின்றுபோனது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். வாசலைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்தி, "பெத்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றார்கள். எவ்வளவு தாழ்த்தினாலும் அது அவள் காதில் விழுந்தது. அவளுக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து யாரும் வீட்டுக்கு வரவில்லை. பி.டி. மாஸ்டர் மட்டும் தெருமுனை வரை வந்து, கொஞ்ச நேரம் நின்று, அப்படியே திரும்பிப் போனதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அவளுக்கு பேனர் கடையில் வேலை. கல்யாணம், திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் எழுத்தை அடித்து, படத்தை வெட்டி ஒட்டி, மெஷினுக்கு அனுப்புவாள். கடையில் எப்போதும் மை நாற்றம் இருக்கும். மெஷின் இடமும் வலமும் போய் வந்து பேனர் ஷீட்டின் மேல் மையை ஒவ்வொரு கோடாகத் துப்பும். மகன் போன பிறகு அந்த இரைச்சல் அவளுக்கு ஒத்தாசையாக இருந்தது. யாரும் ஆறுதல் சொல்ல முடியாத அளவுக்கு அது கத்தும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கிய சமயத்தில் ஒரு காலை, தலைமை ஆசிரியர் கடைக்கு வந்தார். பின்னாலேயே தொப்பியோடு பி.டி. மாஸ்டரும் வந்தார். தலைமை ஆசிரியருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்கூல் கேட்டு மேல கட்டறதுக்கு ஒரு பேனர் வேணும். சர்வே முடிவு வந்திருக்கு. போதைப் பழக்கம் போன தடவை நூத்துக்கு ஒன்பது பேர், இந்தத் தடவை பூஜ்யம். அந்தப் பூஜ்யம் நல்லா பெருசா வரணும். அதுக்குள்ள நம்ம ஸ்கூல் கட்டடம் தெரியணும்."

"ஜமாய்ச்சிடலாம் சார்," என்றார் கடை முதலாளி. "பூஜ்யத்துக்குள்ள எதைப் போட்டாலும் பிடிக்கும். அக்கா, சார் சொல்றதை அடிங்க."

அவள் பூஜ்யத்தை அடித்தாள். அதைத் திரை நிறையப் பெரிதாக்கினாள். கட்டடத்தின் படத்தைத் திறந்து உள்ளே வைத்தாள். மூன்றாவது மாடியில் கடைசி ஜன்னல் தெரிந்தது. அது அவன் வகுப்பு.

"சார், இந்த சர்வேயை யார் எடுத்தாங்க?" திரும்பாமலே கேட்டாள்.

"ஆய்வு மையத்து ஆளுங்கம்மா. வாத்தியார் யாரும் உள்ள கிடையாது. பேர் எழுத வேண்டியதில்லை. சுத்தமா, பக்காவா நடந்தது."

"வகுப்புல எல்லாரும் இருந்தாங்களா?"

"அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் இருந்தாங்க."

"வந்தவனைத் திருப்பி அனுப்பிட்டா, அவன் எந்தக் கணக்கு சார்?"

பி.டி. மாஸ்டர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"அக்கா, நீங்க டைப் மட்டும் பண்ணுங்க," என்றார் முதலாளி.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான்தான் சார் அந்தப் பையனோட அம்மா. சர்வே அன்னிக்கு வீட்டுக்கு அனுப்புனீங்களே, அன்னிக்கே போய்ச் சேர்ந்தானே, அவனோட அம்மா."

தலைமை ஆசிரியருக்குக் கூட்டங்களில் பேசிப் பழகிய குரல் வந்துவிட்டது. "ரொம்ப வருத்தம்மா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இப்பல்லாம் பசங்ககிட்ட இந்தப் பழக்கம் நிஜமாவே குறைஞ்சுக்கிட்டு வருது. மத்த ஸ்கூல்லயும் அப்படித்தான் வந்திருக்கு. ஒரு நல்ல சேதியை நம்பக்கூடாதா? பசங்க பொய்யா எழுதுனாங்கன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். குறைஞ்சிருந்தா எனக்கும் சந்தோஷம்தான். உட்கார்ந்து எழுதுன பசங்க உண்மையைத்தான் எழுதியிருப்பாங்க. கேட்டா உண்மையைச் சொல்லிடுவாங்கன்னு உங்களுக்கும் நல்லாத் தெரியும். அதனாலதானே என் பையனை எழுப்பி அனுப்புனீங்க? பொய் எழுதுவான்னு நினைச்சிருந்தா பேனாவைக் கொடுத்து முதல் பெஞ்சுல உட்கார வெச்சிருப்பீங்களே!"

மெஷின் ஒரு வேலையை முடித்துவிட்டு நின்றது. அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. பேனர் ஓரங்களில் கயிறு கோக்கிற வளையம் அடித்துக்கொண்டிருந்த ஆட்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

"யாரை எழுப்பணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தப்பா ஒருத்தனைக்கூட எழுப்பலை. ஊரே என்னைக் கேட்டுச்சு சார், பெத்தவளுக்குத் தெரியாமலான்னு. எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? என் நம்பர்தான் உங்க ஆபீஸ்ல இருக்கே. ஃபீஸ் ஒரு நாள் தள்ளிப்போனா அந்த நம்பருக்கு அடிக்கிறீங்களே!"

"ஆதாரம் இல்லாம பெத்தவங்ககிட்ட எப்படிம்மா சொல்றது? பையன் பேர் கெட்டுடாதா?"

"கெடல சார். நல்ல பேரோடதான் எரிச்சிட்டு வந்தோம்."



அவள் பி.டி. மாஸ்டரிடம் திரும்பினாள். "மாஸ்டர், அன்னிக்கு அவன்கூட எழுப்பிவிட்ட மத்த பசங்க இன்னும் அங்கதானே படிக்கிறாங்க?"

"ஆமாம்மா."

"அவங்க வீட்லயாவது சொல்லியாச்சா?"

மாஸ்டர் தொப்பியின் விளிம்பைத் திருகினார். தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ரகசியம்மா. யார், என்னன்னு வெளிய சொல்லக்கூடாது. சர்வேயோட விதியே அதுதான்."

"சர்வேல இருந்தவங்களுக்குத்தானே சார் அந்த விதி? இவங்களைத்தான் நீங்க அதுல சேர்க்கவே இல்லையே." அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "மாஸ்டர், வாங்க. வீட்டைக் காட்டுங்க."

"அக்கா! பேனர்?" என்று முதலாளி பதறினார்.

"பூஜ்யம் போட்டாச்சு முதலாளி. மீதியை சாரையே போடச் சொல்லுங்க."

மாஸ்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். பின்னாலிருந்து தலைமை ஆசிரியர், "மாஸ்டர், நாளைக்கு ஸ்கூலுக்கு வரணும், ஞாபகம் இருக்கட்டும்," என்றார்.

"நாளைக்குத்தானே சார்," என்றார் மாஸ்டர்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண், விஷயத்தைப் பாதி கேட்டதுமே, "உன் பிள்ளை போனதுக்கு என் பிள்ளை மேல பழியா?" என்று முகத்தில் அடித்த மாதிரி சாத்தினாள். இரண்டாவது வீட்டில் பையனின் அப்பா உட்காரவைத்து உபசரித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன மாஸ்டர் நீங்களே இப்படிச் சொல்றீங்க? ஸ்கூல்ல பூஜ்யம்னு முடிவே வந்திருக்கே. நேத்து எல்லா வீட்டுக்கும் மெசேஜ் அனுப்பியிருந்தாங்களே." போனை எடுத்து நீட்டிக் காட்டவும் செய்தார். தெருவுக்கு வந்ததும் அவள் மாஸ்டரிடம் கேட்டாள், "பார்த்தீங்களா, உங்க பூஜ்யம் எங்க வேலை செய்யுதுன்னு?" அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இல்லை. அடுத்த தெருவுக்கு நடக்கச் சொன்னாள்.

அங்கே ஒரு அம்மா, ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். சொன்னதை முழுவதும் கேட்டாள். மாடிப்படியில் மெல்ல உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு உள்ளே பார்த்து, "டேய், வெளிய வா," என்றாள். வந்த பையன் மாஸ்டரைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவளையும் பார்த்தான். செத்துப்போன கூட்டாளியின் அம்மா என்று தெரிந்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மா எழுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அடிக்கவில்லை. பிடித்த பிடியை விடவுமில்லை.

பேனரை வேறு கடையில் அடித்துவிட்டார்கள். இப்போது கேட்டுக்கு மேலே தொங்குகிறது. காற்று கிழிக்காமலிருக்க ஓட்டை போட்டிருக்கிறார்கள். வேலை சுத்தம் என்பதை அவளாலும் மறுக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற வழி அதுதான் என்பதால் தினமும் அதன் கீழேதான் நடக்கிறாள். பூஜ்யத்துக்குள் பள்ளிக்கூடம் இருக்கிறது. மூன்றாவது மாடியில் கடைசி ஜன்னலும் இருக்கிறது.

வீட்டில், வாஷர் வாங்கி வந்து ஜன்னல் மேடையில் வைத்திருக்கிறாள். மாற்றவில்லை. ஷூ லேஸ் குழாயில் அப்படியே தொங்குகிறது. சத்தம் வருவதில்லை. தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.